மதுரையிலிருந்து அகமதாபாத், இரண்டு டிக்கெட்

ஜூலை 1

பேங்கில் கொடுத்த டைரி. ஆறு மாதமாக டிவி ஸ்டாண்டுக்குக் கீழே சும்மா கிடந்தது. நேற்றே எடுத்து வைத்தேன். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் எழுதி வைப்பது நல்லது.

மகன் குமரகுரு அகமதாபாத்தில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். ஒன்பதாவது மாடியாம். செப்டம்பர் 4 புது வீட்டில் பால்காய்ப்பு. நானும் அவன் அம்மா ஆவுடையும் விமானத்தில்தான் வரவேண்டும் என்று அவளிடம் போனில் சொல்லியிருக்கிறான். ரயிலில் போனால் அவள் முழங்கால் தாங்காது. சரி என்றேன்.

சாயங்காலம் மார்க்கெட் பக்கம் ஜெபசீலியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். என் பென்ஷன் பேப்பர், கரண்டு பில் எல்லாம் அந்தப் பிள்ளைதான் கம்ப்யூட்டரில் பார்த்துத் தரும். மதுரையிலிருந்து அகமதாபாத், செப்டம்பர் 2, இரண்டு பேர். ஆளுக்கு 6,480 காட்டியது. காலையில் பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 2

பத்து மணிக்குப் பணத்தோடு போனேன். 8,215.

"நேத்து 6,480 சொன்னியேம்மா."

"அது நேத்து, அண்ணாச்சி."

"ஒரே ராத்திரியில மதுரைக்கும் அகமதாபாத்துக்கும் நடுவுல தூரம் கூடிட்டா?"

ஜெபசீலி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முப்பத்து நான்கு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். இங்கே திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்கு இன்ன ஸ்டேஜுக்கு இன்ன கட்டணம் என்று அட்டவணை உண்டு. கட்டணத்தை உயர்த்தினால் பேப்பரில் வரும், ஜனங்கள் எங்களைத் திட்டுவார்கள், திட்டிவிட்டுக் கொடுப்பார்கள். ஆனால் காலை வண்டிக்கும் சாயங்கால வண்டிக்கும் ஒரே விலை. கலெக்டர் ஆபீஸ் பியூனுக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் ஒரே விலை.

பணத்தை அப்படியே திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். தினமும் விலையை எழுதப் போகிறேன். 6,480-க்கு இறங்கும் அன்றைக்கு எடுப்பேன்.

"ஆளுக்கு ரெண்டாயிரத்துக்கும் கொறவாத்தான கூடியிருக்கு. எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றாள் ஆவுடை.

"இது பணத்துக்காக இல்ல."

"பின்ன எதுக்காக?"

அவளுக்குச் சொன்னால் புரியாது.

ஜூலை 3

7,050. இறங்குகிறது. பார்த்தாயா என்று ஆவுடையிடம் கேட்டேன். "ம்" என்றாள். பிறகு அடுப்படியில் நின்று மகனோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 5

கடைக் கம்ப்யூட்டரில் 9,310. ஜெபசீலியின் சொந்தப் போனில் 8,940. ஒரே நேரம், ஒரே வண்டி. அடிக்கடி பார்த்தால் ஏற்றிவிடுவான் என்று ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் சொன்னார். செவ்வாய்க்கிழமை பார்த்தால் குறையும் என்று இன்னொருவர். "உங்க மகன் ஊர்ல என்ன காட்டுதுன்னு கேளுங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபசீலி.

எப்போதும் ஆவுடைதான் அவனுக்குப் போன் போடுவாள். கடைசியில் என்னிடம் தருவாள். நல்லாருக்கியா, நல்லாருக்கேன்ப்பா, இந்தா அம்மாட்ட குடுக்கேன். அவ்வளவுதான் வழக்கம். சண்டை எதுவும் கிடையாது. பேச ஒன்றும் இருந்ததில்லை. கிடைத்த அரசு வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பாட்டில் கம்பெனிக்கு அவன் வடக்கே போனபோது ஒரு வருஷம் சரியாகப் பேச்சில்லை. அதெல்லாம் பழைய கதை.

இன்றைக்கு நானே போட்டேன்.

"அம்மாவுக்கு என்னப்பா?" என்று பதறிவிட்டான்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. செப்டம்பர் ரெண்டாந்தேதி மதுர டிக்கெட்டு அங்க எவ்வளவு காட்டுது?"

இருங்கப்பா என்றான். பிறகு பார்த்துச் சொன்னான். 9,120.

பேசிய நேரம் 6:40 முதல் 6:43 வரை.

ஜூலை 9

9,870. அவன் போனில் 9,870. இன்றைக்கு மட்டும் ஒத்துப்போகிறது.

எப்படி விலை போடுகிறார்கள் என்று கேட்டேன். சீட் நிறைய நிறைய விலை ஏறும், இவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரே கணக்குப் பார்த்து ஏற்றும் என்றான்.

"கூட்டம் வந்தா நாங்க 'உள்ள தள்ளி நில்லுங்க'ன்னு சொல்லுவோம். வெலய ஏத்த மாட்டோம்ல."

சிரித்தான். அவன் சிரிக்கிற சத்தம் என் தம்பி சிரிப்பது மாதிரி இருக்கிறது. இத்தனை நாள் கவனித்ததில்லை.

6:40 – 6:52.

ஜூலை 14

விமானக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். தமிழுக்கு மூன்றை அமுக்கச் சொன்னது. பதினெட்டு நிமிஷம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு பெண் பேசினாள்.

"விலை யாரும்மா போடறது?"

"சிஸ்டம்தான் சார்."

"அந்த சிஸ்டத்துக்கு மேலதிகாரி யாரு? மனு எழுதிப் போடணும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கே தெரியாது சார். நான் ஊருக்குப் போறதுக்கும் இதே மாதிரிதான் பாத்துப் பாத்து எடுக்கேன்" என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். கடையநல்லூர். அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நன்றாகச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தேன்.

இதைக் குமரகுருவிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னான். இரண்டாவது தடவை ஸ்பீக்கரில் போட்டு மருமகள் இந்துமதியும் கேட்டாள்.

6:40 – 7:04.

ஜூலை 19

11,640. சாப்பாடு ருசிக்கவில்லை. கொத்தவரங்காய் வேறு.

ஜூலை 22

11,200.

தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு வண்டியில் எத்தனை பேரை ஏற்றியிருப்பீர்கள் என்று கேட்டான். அவனாகக் கேட்டது. நூற்றுப் பதினெட்டு பேர் என்றேன். சேரன்மகாதேவியில் ஒரு ஆள் ஆட்டுக்குட்டியோடு ஏறியதையும், நான் ஆட்டுக்கும் டிக்கெட் கிழித்ததையும், குட்டி அந்த டிக்கெட்டைத் தின்றுவிட்டதையும், அடுத்த ஸ்டாப்பில் ஏறிய செக்கர் ஆட்டின் டிக்கெட் எங்கே என்று கேட்டதையும் சொன்னேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஆட்டுக்காகச் சாட்சி சொன்னார்கள்.

"இதெல்லாம் ஏன்ப்பா வீட்டுல சொன்னதே இல்ல?"

நான் வீட்டுக்கு வரும்போது அவன் தூங்கியிருப்பான். அவன் பள்ளிக்கூடம் போகும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அதைத்தான் சொன்னேன்.

6:40 – 7:25. ஆவுடை பேச ஆசைப்பட்டிருப்பாள். கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் பேசுறதுக்கு இல்ல, நீங்க பேசுங்க" என்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஜூலை 27

10,990.

இன்றைக்கு அவன் ஒன்று சொன்னான். எட்டாம் வகுப்பு படிக்கையில் அம்பாசமுத்திரத்தில் பந்து விளையாடிவிட்டுக் கூட்டாளிகளோடு என் வண்டியில் ஏறினானாம். எங்க அப்பா வண்டி என்று அவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். நான் அவன் பக்கத்தில் வந்து, எல்லோரிடமும் கேட்கிற மாதிரியே "எங்க இறங்கணும்?" என்று கேட்டு, டிக்கெட் கொடுத்து, மீதிச் சில்லறையும் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டேனாம்.

"எங்க இறங்கணும்னா கேட்டேன்?"

"ஆமாப்பா. ஜங்ஷன்னு சொன்னேன்."

செக்கர் வண்டியில் இருந்திருப்பார் என்றேன். இருந்திருப்பார், இருந்திருப்பார் என்றான் அவனும்.

செக்கர் இருந்தாரா என்று எனக்கு நினைவில்லை. அப்படி ஒரு நாளே நினைவில்லை.

6:40 – 7:31.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். சாப்பிட்ட அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன். ஏழு மணிக்கு அவனே போட்டான். "என்னப்பா, இன்னைக்கு வெல கேக்கலையா?" 12,305.

ஆகஸ்ட் 11

14,860.

இது விலையா, அபராதமா? பண்டிகை வருகிறதாம், விடுமுறை வருகிறதாம். மூன்று சீட்தான் பாக்கி என்று சிவப்பில் காட்டுகிறது. பத்து நாளாக அதே மூன்று சீட். எந்தக் கண்டக்டராவது "கடைசி மூணு சீட்டு" என்று பத்து நாள் கத்தினால் ஜனங்கள் நம்புவார்களா?

ரயிலில் பார்த்தேன். வெயிட்டிங் லிஸ்ட் 84.

பால்காய்ப்புக்கு இருபத்து நான்கு நாள்தான் இருக்கிறது. பிடிவாதம் பிடிக்காமல் ஜூலையிலேயே எடுத்திருக்கலாம். அப்பா அம்மா இல்லாமல் அவன் பால் காய்ச்சும்படி ஆகிவிட்டால் நான்தான் காரணம். ஆவுடையோ குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறாள். டிக்கெட்டே இல்லை, எதற்குப் பெட்டி என்றேன். "கெடைக்கும்" என்றாள். இவளுடைய நிதானம் எனக்குப் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 19

எடுத்துவிட்டேன்.

காலை பதினொன்றரைக்கு ஜெபசீலி போன் செய்தாள். "அண்ணாச்சி, ஓடி வாங்க. செப்டம்பர் ரெண்டு இல்ல, ஆகஸ்ட் முப்பது. 6,390." சட்டைப் பட்டனைத் தெருவில்தான் போட்டேன். நான் வைத்த விலைக்கும் தொண்ணூறு ரூபாய் குறைவு. பெயர், வயது எல்லாம் அடித்து, பணம் கட்டி, பேப்பர் பிரிண்டரிலிருந்து வருகிறவரைக்கும் நான் உட்காரவில்லை. ஜெபசீலி கடைப் பையனை விட்டு டீ வாங்கிவரச் சொன்னாள். பக்கத்து டெய்லர் வந்து கை கொடுத்தார்.

கால் கிலோ அல்வாவோடு வீட்டுக்கு வந்தேன். டிக்கெட்டை ஆவுடையின் கையில் வைத்தேன்.

அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பணம் கட்டியாச்சா?"

"கட்டாமலா பேப்பர் தருவான்?"

நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய், பீரோவில் சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துவந்து கொடுத்தாள். மதுரையிலிருந்து அகமதாபாத், செப்டம்பர் 2. தளவாய், வயது 62. ஆவுடையம்மாள், வயது 57. ஜூலை 3-ஆம் தேதி எடுத்தது. ஆளுக்கு 7,050.

"அன்னைக்கே குமரகுருட்ட சொல்லி எடுத்துட்டேன்" என்றாள்.

"நாப்பத்தேழு நாளா நான் என்ன கோட்டிக்காரனா?"

"இல்லங்க. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்களா அவனுக்குப் போன் போட்டீங்க. மறுநாளும் போட்டீங்க." அல்வாப் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். "சொன்னா நிப்பாட்டிருவீங்கன்னு சொல்லல."

அல்வாவை யாரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 20

போன் போடவில்லை. அவனும் போடவில்லை.

ஆகஸ்ட் 21

போடவில்லை. ஜெபசீலி கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். 6:40-க்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 22

தொட்டி கழுவியாகிவிட்டது. வேறு வேலை இல்லை. போட்டேன்.

"உனக்கு டிக்கெட் இருக்குன்னு தெரியும். பின்ன எதுக்குல தெனமும் வெல பாத்துச் சொன்ன?"

"நீங்க கேட்டீங்கப்பா."

"கேட்டா? எடுத்தாச்சுன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லியிருந்தா மறுநாள் கூப்பிட்டிருப்பீங்களா?"

அவனே தொடர்ந்தான். "ஆறரை ஆயிட்டா மீட்டிங்கில இருந்தாக்கூட வெளிய வந்து நின்னுருவேம்ப்பா. எங்க மேனேஜரே, உங்க அப்பா போன் நேரம் ஆச்சும்பாரு."

லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அல்வாவைச் சூடு பண்ணித் தரச் சொன்னேன். ஆவுடையும் கொஞ்சம் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 24

இப்போது கையில் நான்கு டிக்கெட், ஆள் இரண்டு பேர். ரத்து செய்தால் எதற்குமே பெரிதாகத் திரும்ப வராது. எதை விடுவது என்று நான் யோசிப்பதற்குள் ஆவுடை முடிவு செய்துவிட்டாள். இந்துமதி சாமான் வாங்க மதுரையில் அவள் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளும் சம்பந்தி வீட்டாரும் செப்டம்பர் 2 விமானத்தில்தான் போகிறார்கள். ஆவுடை அவர்களோடு போவாளாம். நான் 30-ஆம் தேதி டிக்கெட்டில் போக வேண்டுமாம்.

"தனியாவா?"

"அவனும் அங்க தனியாத்தான் இருக்கான். வாழை எல, மாவெலன்னு ஏற்பாடு பண்ண ஒரு ஆள் வேண்டாமா?"

மூன்று நாள் நானும் அவனும் மட்டும் ஒரே வீட்டில். என்ன பேசுவது?

ஆகஸ்ட் 30

விமானத்தில் ஏறியாயிற்று, இறங்கியாயிற்று. மும்பையில் வண்டி மாறினேன். பயம் எதுவும் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் விமானப் பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாக ஆள் எண்ணிக்கொண்டு வந்தாள். முறையாக எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன். கணக்கு ஒத்துப்போனது.

மதுரையிலிருந்து வந்த வண்டியில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடம் டிக்கெட் விலை விசாரித்தேன். ஐந்து பேரில் ஐந்து விலை. 4,800-க்கு எடுத்த ஒரு தம்பியும் 15,200-க்கு எடுத்த ஒரு டாக்டரும் பக்கத்துப் பக்கத்து சீட். அதுவரை இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் கேட்டபிறகு டாக்டர் பேசவில்லை.

குமரகுரு வாசலில் நின்றான். பெட்டியை வாங்கிக்கொண்டான். இளைத்திருக்கிறான்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

காரில் வேறு பேச்சில்லை. அவன் இப்போது இருக்கிற வாடகை வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். ஃபேன் கூட்டவா என்று கேட்டான். போதும் என்றேன்.

ஆகஸ்ட் 31

ஞாயிற்றுக்கிழமை. காலையில் புது ஃப்ளாட்டைப் பார்த்தோம். நல்ல காற்று. நல்லாருக்கு என்றேன். மத்தியானம் வாடகை வீட்டுக்குத் திரும்பி வந்து டிவி பார்த்தோம். குஜராத்திச் செய்தி. இரண்டு பேருக்கும் சரியாகப் புரியவில்லை, மாற்றவும் இல்லை. போனில் அவ்வளவு பேசுகிறவன் நேரில் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நானும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். கட்டடத்துக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், போன் அடித்தது.

"அப்பா."

"சொல்லுல."

"எங்க இருக்கீங்க?"

"கீழதான். பெஞ்சுல."

"என்ன பண்ணுதீங்க?"

"எதிர்ல பஸ் ஸ்டாப். அஞ்சாம் நம்பர் வண்டி வந்து நிக்கி. கண்டக்டர் இறங்காமலே விசில் குடுக்கான். தப்பு. கெழவி ஒருத்தி இன்னும் கால எடுத்து வைக்கல."

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா. டிரைவர் நல்லவன், நிறுத்திட்டான்."

அப்படியே பேச்சு போனது. வீட்டுக் கடனைப் பற்றிச் சொன்னான். ராத்திரி தூக்கம் வராமல் புரண்டது, இருபது வருஷம் கட்ட வேண்டும் என்று பயந்தது, யாரிடமும் சொல்லாதது. நான் பெருமாள்புரம் வீட்டுக்குக் கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கிவிட்டு மூன்று மாதம் பேதி பிடித்துக் கிடந்த கதையைச் சொன்னேன். "பேதியா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு போனிலும் கேட்டது, மாடியிலிருந்தும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது மாடி பால்கனியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான்.

"இறங்கி வாயேம்ல" என்றேன்.

போனைக் காதில் வைத்துக்கொண்டேதான் வந்தான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் இருவரும் கொஞ்ச நேரம் போனிலேயே பேசினோம். எதிரே நின்ற வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்த பிறகுதான் கட் பண்ணினோம். அந்த அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். செக்கர் யாரும் இருந்திருக்க மாட்டார் என்றேன். "தெரியும்ப்பா" என்றான்.

கொசு கடித்தது. எழுந்து போக இரண்டு பேருக்கும் மனசில்லை.

செப்டம்பர் 1

வாழை இலைக்கும் மாவிலைக்கும் காலையிலிருந்து அலைந்தோம். கத்திரிக்காய் வாங்க ஒரு மணி நேரம். அவனுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை.

செப்டம்பர் 2

ஆவுடையையும் மற்றவர்களையும் கூப்பிட விமான நிலையத்துக்குப் போனோம். வண்டி இறங்கிவிட்டது என்று பலகையில் போட்டிருந்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

திரும்பிப் போகிற டிக்கெட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. இருபதாம் தேதிக்குப் பார்த்துச் சொன்னான். 4,650.

"எடுத்துரலாமாப்பா?"

"அவசரப்படாத. பொறுத்துப் பாப்போம்."

அதிலிருந்து வேறு எங்கெங்கோ பேச்சுப் போய்விட்டது. அவனுடைய மேனேஜர், பாட்டில் எப்படி ஊதுகிறார்கள், சூடாக இருக்கும்போது அது தேன் மாதிரி இருக்கும் என்பது. அவன் கையை வைத்துக் காட்டினான். திரும்பிப் பார்த்தால் ஆவுடை ஒரு தூணுக்குப் பக்கத்தில் டிராலியோடு நின்றுகொண்டிருக்கிறாள். பின்னால் இந்துமதி, சம்பந்தி, அவர் சம்சாரம்.

"எப்ப வந்த?"

"பத்து நிமிஷம் ஆவுது."

"கூப்பிட வேண்டியதுதான?"

"எதுக்கு?" என்றாள். முகம் பளிச்சென்று இருந்தது. விமானத்தில் ஜன்னல் சீட்டாம். "அப்படி என்ன பேச்சு ரெண்டு பேருக்கும்?"

"திரும்பிப் போற டிக்கெட்டு."

"எவ்வளவாம்?"

"ரொம்பக் கூடுதலா இருக்கு" என்றேன். "கொஞ்ச நாள் போகட்டும், இறங்கும்."

குமரகுரு குனிந்து பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஆவுடை அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டிராலியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இறங்கட்டும், மெதுவா இறங்கட்டும்" என்றாள்.